ஐபிஎஸ்: இருக்கும் ஃபயர்வாலே போதுமா, தனிப் பெட்டி வேண்டுமா?

இருநூறு பேர் வேலை பார்க்கும் ஓர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். 500 எம்பிபிஎஸ் இணைய இணைப்பு. நான்கைந்து சர்வர்கள், அதில் ஒன்று வாடிக்கையாளர்கள் வெளியிலிருந்து திறக்கும் வெப்சர்வர். ஊரின் மறுகோடியில் ஒரு கிளை. நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ள ஒரே ஆள். பிரிண்டர் மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆடிட்டுக்கு வந்தவர் "ஐபிஎஸ் போட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டு, ஒரு குறிப்பும் எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். ஐபிஎஸ் என்றால் நெட்வொர்க் வழியாக வரும் தாக்குதலைக் கண்டுபிடித்துத் தடுக்கும் கருவி. இப்போது மேஜையில் மூன்று கொட்டேஷன்கள் கிடக்கின்றன. மிகக் குறைந்ததற்கும் மிக அதிகமானதற்கும் நடுவே பத்து மடங்கு வித்தியாசம்.

அந்த ஒற்றை ஆளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்த நாற்காலியில் நானும் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. ஏற்கெனவே இருக்கும் ஃபயர்வாலில் ஐபிஎஸ் லைசன்ஸ் வாங்கி இயக்கலாம். ஒரு சாதாரண சர்வரில் ஓபிஎன்சென்ஸ் மாதிரி இலவச ஃபயர்வால் மென்பொருள் ஒன்றை நிறுவி, அதில் சுரிகாட்டா என்ற இலவச ஐபிஎஸ் மென்பொருளை ஓட்டலாம். ஐபிஎஸ் வேலை மட்டுமே செய்யும் தனிப் பெட்டி வாங்கலாம். அல்லது எதையும் தடுக்காமல், போக்குவரத்தின் நகலைத் தரும் ஸ்விட்சின் மிர்ரர் போர்ட்டில் ஒரு கணினியை வைத்துப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கலாம். கொட்டேஷன் தொகையை வைத்து இவற்றை ஒப்பிட்டால் முடிவு தப்பாகத்தான் போகும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உட்கார்ந்து அலர்ட்டுகளைப் படிக்க உங்களால் முடியும் என்பதிலிருந்து தொடங்குங்கள். கீழே நான் சொல்லும் எல்லாமே அந்த மணிக்கணக்கைச் சுற்றித்தான் வரும்.

நடுவில் நிற்பதும் ஓரத்தில் நிற்பதும்

ஃபயர்வால் பெரும்பாலும் முகவரியையும் போர்ட்டையும் பார்க்கும். வெப்சர்வருக்கு 443 போர்ட் திறந்திருக்கிறது என்றால், அந்த வழியாக வருவது வாடிக்கையாளரா திருடனா என்று அது கேட்காது. ஐபிஎஸ் பாக்கெட்டை, அதாவது நெட்வொர்க்கில் போகும் ஒவ்வொரு தகவல் துண்டையும், பிரித்து உள்ளே இருப்பதைப் படிக்கும்.

படிப்பது மட்டும் போதாது, எங்கே நின்று படிக்கிறது என்பது முக்கியம். 2003 ஜனவரி 25 அன்று பரவிய ஸ்லாமர் புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரின் யூடிபி 1434 போர்ட்டுக்கு ஒரே ஒரு பாக்கெட் வரும், அவ்வளவுதான். புழுவின் மொத்த அளவே 376 பைட். தொடக்கத்தில் 8.5 விநாடிக்கு ஒருமுறை இரட்டிப்பானது. பாதிக்கப்படக்கூடிய கணினிகளில் பெரும்பாலானவை பத்தே நிமிடத்தில் விழுந்துவிட்டன. ஓரத்தில் நின்று நகலைப் பார்த்து எச்சரிக்க மட்டும் செய்யும் ஐடிஎஸ் இங்கே அலர்ட் எழுதும் நேரத்தில் பாக்கெட் சர்வருக்குள் போயிருக்கும். பாதையின் நடுவில் நின்று, பாக்கெட்டைக் கையில் வாங்கி, படித்துப் பார்த்த பிறகே மறுபக்கம் விடும் கருவியால்தான் அதை நிறுத்த முடியும். இன்லைன் என்று சொல்வது இதைத்தான்.

ஸ்லாமர் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தமான பேட்ச் 2002 ஜூலையிலேயே வந்துவிட்டது, ஆறு மாதம் முன்பே. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வானாக்ரையின் கதையும் அப்படித்தான்: பேட்ச் 2017 மார்ச் 14, தாக்குதல் மே 12. பேட்ச் வரும் நாளுக்கும் நாம் அதைப் போட்டு முடிக்கும் நாளுக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியில் காவல் நிற்கத்தான் ஐபிஎஸ். அதை வாங்கிவிட்டால் பேட்ச் போட வேண்டாம் என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். 2021 டிசம்பரில், பல ஜாவா மென்பொருள்களுக்குள் இருக்கும் லாக்4ஜே நிரலின் ஓட்டை வெளியானபோது, முதலில் வந்த சிக்னேச்சர்கள் (தாக்குதலை அடையாளம் காணும் விதிகள்) ஜேஎன்டிஐ என்ற நான்கு எழுத்துகளை நேராகத் தேடின. தாக்கியவர்கள் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, எழுத்து வடிவத்தை மாற்றும் கட்டளைகளுக்குள் செருகி அனுப்பத் தொடங்கினார்கள். சிக்னேச்சர் எழுதியவர்கள் நாள்கணக்கில் அவர்கள் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

நடுவில் நிற்பதற்கு ஒரு விலை உண்டு. தவறாகப் பிடித்தால் நல்ல பாக்கெட்டும் போய்விடும். அது எப்படி இருக்கும் என்று என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன்.

ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தபோது, புதிய ஐபிஎஸ்ஸை ஒரு சனிக்கிழமை இரவு எல்லா விதிகளையும் தடுக்கும் நிலையில் வைத்து இயக்கிவிட்டோம். திங்கள் காலை கிளை ஸ்கேன் சென்டரிலிருந்து போன். அல்ட்ராசவுண்ட் படங்களில் சில வந்து சேருகின்றன, சில பாதியில் நிற்கின்றன. ஒருவருடைய படம் சட்டென்று போகிறது, அடுத்தவருடையது போகவில்லை. நின்ற படத்தைத் திரும்ப அனுப்பினால் அதே படம் அதே இடத்தில் மறுபடி நிற்கிறது. கேபிளை மாற்றினோம், ஸ்விட்ச் போர்ட்டை மாற்றினோம், லைன் கொடுத்தவர்களோடு சண்டை போட்டோம். மாலை நான்கு மணிக்குத்தான் ஐபிஎஸ் லாகைத் திறந்து பார்த்தேன்.

இன்டெல் வகைப் பிராசஸரில் "எதுவும் செய்யாதே, அடுத்ததற்குப் போ" என்று ஒரு கட்டளை உண்டு. அதன் மதிப்பு 144. தாக்குதல் நிரல்களுக்கு முன்னால் இந்தக் கட்டளையை வரிசையாக அடுக்கி வைப்பது பழைய உத்தி. அதனால் 144 என்ற பைட் அடுத்தடுத்துப் பதினான்கு முறை வந்தால் பிடி என்று ஒரு பழைய விதி இருந்தது. எட்டு பிட் கறுப்பு வெள்ளைப் படத்தில் 144 என்பது நடுத்தரச் சாம்பல் நிறம். சுருக்காமல் அனுப்பும் படத்தில் ஒரே சாம்பல் பதினான்கு புள்ளிகளுக்கு நீண்டிருந்தால், ஐபிஎஸ்ஸின் கண்ணுக்கு அது தாக்குதல். யாருடைய வயிற்றில் அந்தச் சாம்பல் விழுந்ததோ, அவருடைய ரிப்போர்ட் நின்றது.

இதில் எங்கள் தவறு இரண்டு. இருபது வருடப் பழைய விதியைக்கூடப் படிக்காமல் தடுக்க விட்டோம். அதைவிடப் பெரியது, கிளையின் முகவரித் தொகுதியை "நம் நெட்வொர்க்" பட்டியலில் சேர்க்க மறந்தோம். அந்த விதி வெளியிலிருந்து உள்ளே வருவதை மட்டும்தான் பார்க்கும். எங்கள் சொந்த ஸ்கேன் சென்டரே அதற்கு வெளியாளாகிவிட்டது. அன்று வராண்டாவில் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்த கர்ப்பிணிப் பெண்களின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இருக்கும் ஃபயர்வாலில் இயக்குவது

புதிதாக ஒயர் இழுக்க வேண்டாம், புதிய இடத்தில் பழுது வரும் பயமும் இல்லை. பாக்கெட் ஏற்கெனவே அந்த வழியாகத்தான் போகிறது. எந்த ஃபயர்வால் விதிக்கு ஐபிஎஸ் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தனித்தனியாக வைக்கவும் முடியும். ஒரே ஆள் இருக்கும் இடத்துக்கு இது பெரிய விஷயம்.

இங்கே ஏமாறும் இடம் வேகக் கணக்கு. சிறிய அலுவலகங்களில் அதிகம் பார்க்கும் ஃபோர்ட்டிகேட் 60எஃப் பெட்டியின் டேட்டாஷீட்டைப் பாருங்கள். ஃபயர்வால் வேகம் 10 ஜிபிபிஎஸ். ஐபிஎஸ் போட்டால் 1.4 ஜிபிபிஎஸ். மால்வேர் சோதனை, அப்ளிகேஷன் கட்டுப்பாடு எல்லாம் சேர்த்தால் 700 எம்பிபிஎஸ். ஒரே பெட்டிதான். பெரிய எழுத்தில் அச்சடிக்கும் எண்ணுக்கும் நமக்கு வேண்டிய எண்ணுக்கும் நடுவே பதினான்கு மடங்கு தூரம். எந்த நிறுவனத்தின் பெட்டியானாலும் இந்தச் சரிவு இருக்கும். கொட்டேஷனில் கடைசி எண்ணைக் கேளுங்கள். உங்கள் இணைப்பின் வேகத்தைப் போல ஒன்றரை மடங்காவது அது இருக்கட்டும். மேலே சொன்ன 500 எம்பிபிஎஸ் அலுவலகத்துக்கு 700 என்பது நூலிழை குறைவு. இணைப்பை நாளைக்கு ஒரு ஜிபிபிஎஸ் ஆக்கினால் பெட்டி திணறும்.

லைசன்ஸ் தீர்ந்தால் பெட்டி ஓடும், ஆனால் புதிய சிக்னேச்சர் வராது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். அதுதான் ஆபத்து. புதுப்பிக்கும் தேதியைக் கணக்குப் பிரிவின் காலண்டரிலும் எழுதிவையுங்கள்.

லாக் விஷயமும் உண்டு. இந்தியாவில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். பாதுகாப்புச் சம்பவத்தைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 60எஃப் பெட்டிக்குள் டிஸ்க் கிடையாது. அதன் இரட்டைப் பிறவியான 61எஃப்-இல் 128 ஜிபி எஸ்எஸ்டி உண்டு. எதை வாங்கினாலும் லாகைத் தனியாக ஒரு சிஸ்லாக் சர்வருக்கு (லாகுகளை வாங்கிச் சேமிக்கும் கணினிக்கு) அனுப்பி விடுங்கள். பழைய டெஸ்க்டாப்பில் இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்டாலும் போதும்.

இந்த வழியின் உண்மையான குறை, அது வாசலை மட்டும் பார்க்கிறது. ஒரு ஊழியரின் லேப்டாப்பிலிருந்து பக்கத்து மேஜைக் கணினிக்குத் தொற்று பரவினால் அந்தப் பாக்கெட் ஸ்விட்சோடு திரும்பிவிடும், ஃபயர்வாலுக்கு வராது. வானாக்ரை உள்ளே பரவியது அப்படித்தான், 445 போர்ட்டில். சர்வர்களைத் தனி விலானில் (ஸ்விட்சுக்குள்ளேயே பிரித்த தனி நெட்வொர்க்கில்) வைத்து, அந்தப் போக்குவரத்தையும் ஃபயர்வால் வழியாகத் திருப்பினால்தான் இதில் பாதியாவது தெரியும்.

சொந்தமாகக் கட்டுவது

சொந்தமாகக் கட்ட இரண்டு மென்பொருள்கள் உண்டு, ஸ்நார்ட்டும் சுரிகாட்டாவும். ஸ்நார்ட் 1998-இல் மார்ட்டின் ரோஷ் எழுதியது. அவர் தொடங்கிய சோர்ஸ்ஃபயர் நிறுவனத்தை 2013-இல் சிஸ்கோ வாங்கியது. பழைய ஸ்நார்ட் 2 ஒரே த்ரெட்டில் ஓடும். பிராசஸரில் எட்டு கோர் இருந்தாலும் ஒன்றுதான் வேலை செய்யும். 2021-இல் வந்த ஸ்நார்ட் 3 அதை மாற்றியது. ஓஐஎஸ்எஃப் என்ற லாப நோக்கற்ற அமைப்பின் சுரிகாட்டா 2010-இல் முதல் பதிப்பு வந்தபோதே பல த்ரெட்டுகளில் ஓடும்படி எழுதப்பட்டது. விதிகளின் வடிவம் இரண்டிலும் அண்ணன் தம்பி போல இருக்கும். ஆனால் ஒன்றுக்கு எழுதியதை அப்படியே இன்னொன்றில் போட்டால் சில வேலை செய்யாது.

இந்த இரண்டில் எது என்று கேட்டால் நான் சுரிகாட்டா பக்கம். அது எழுதும் ஜேசான் லாக் ஒரு காரணம். அலர்ட்டோடு டிஎன்எஸ் கேள்வி (எந்தத் தளத்தின் முகவரியைக் கேட்டார்கள்), டிஎல்எஸ் பெயர் (மறைகுறியாக்கிய இணைப்பு எந்தத் தளத்துக்கு), ஃப்ளோ விவரம் (அந்தத் தொடர்பின் சுருக்கம்) எல்லாம் ஒரே இடத்தில் வருவதால், மாலை நான்கு மணிவரை காத்திருக்காமல் பத்து நிமிடத்தில் காரணத்தைக் கண்டுபிடிக்கலாம். இன்னொரு காரணம் இலவச விதிகள். சிஸ்கோவின் டாலோஸ் குழு ஸ்நார்ட்டுக்கு எழுதும் விதிகள் கட்டணம் செலுத்தாமல் பதிவு மட்டும் செய்தவர்களுக்கு 30 நாள் தாமதமாகக் கிடைக்கும். பேட்ச் இடைவெளியைக் காக்கத்தான் ஐபிஎஸ் என்று மேலே சொன்னேன். அந்த இடைவெளியில் முதல் 30 நாளை விட்டுவிட்டால் என்ன மிஞ்சும்? சுரிகாட்டாவுக்குக் கிடைக்கும் எமர்ஜிங் த்ரெட்ஸ் ஓப்பன் என்ற இலவச விதித்தொகுப்பில் இந்தத் தாமதம் இல்லை. ஸ்நார்ட்டுக்கு ஆண்டுச் சந்தா கட்டத் தயார் என்றால் இந்த வாதம் செல்லாது, அது நல்ல விதித்தொகுப்பு.

ஓபிஎன்சென்ஸில் சுரிகாட்டா உள்ளேயே வருகிறது. அதே மாதிரி இன்னொரு ஃபயர்வால் மென்பொருளான பிஎஃப்சென்ஸில் சுரிகாட்டா, ஸ்நார்ட் இரண்டையும் பேக்கேஜாக நிறுவலாம். ஆனால் பிஎஃப்சென்ஸில் "லெகசி" என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் அது நகலைப் பார்த்துவிட்டு, பிறகு அந்த முகவரியைத் தடை செய்யும். முதல் சில பாக்கெட்டுகள் போயே போய்விடும். ஸ்லாமர் மாதிரி ஒற்றைப் பாக்கெட் தாக்குதலுக்கு அது ஐபிஎஸ்ஸே இல்லை. இன்லைன் முறையைத்தான் எடுக்க வேண்டும், அதற்கு நெட்வொர்க் கார்டும் ஒத்துழைக்க வேண்டும். இன்டெல் கார்டு போட்ட பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள், பின்னால் தலைவலி குறையும்.

எந்த இன்டர்ஃபேஸில் வைப்பது என்பதிலும் பலர் வழுக்குகிறார்கள். வெளிப்பக்கம் வைத்தால் எல்லா உள்முகவரிகளும் ஃபயர்வாலின் முகவரி மாற்றத்தில் (NAT) ஒரே முகவரியாக மாறிப்போயிருக்கும். அலர்ட் வரும், ஆனால் இருநூறு கணினிகளில் எது என்று தெரியாது. கூடவே, ஃபயர்வால் எப்படியும் தள்ளிவிடப்போகும் ஸ்கேன் குப்பை அத்தனையும் லாகில் வந்து விழும். உள்பக்கம் வையுங்கள்.

செலவு என்று பார்த்தால் பெட்டி மலிவு, லைசன்ஸ் இல்லை. ஆனால் அந்த ஒற்றை ஆள் லீவில் போனால்? அப்டேட்டுக்குப் பிறகு இணைப்பு நின்றால் யாரைக் கூப்பிடுவது? இரண்டு பேராவது லினக்ஸோ ஃப்ரீபிஎஸ்டியோ பழகியவர்கள் இருக்கும் இடத்தில்தான் இதை நான் தைரியமாகச் சொல்வேன். அப்படி ஆள் இருக்கும் கல்லூரிகளுக்கும் சிறிய மென்பொருள் நிறுவனங்களுக்கும் இதைவிட நல்ல வழி இல்லை.

தனிப் பெட்டி

இதை நான் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைப் படிப்பவர்களில் பலருக்கு இது தேவைப்படாது. டிப்பிங்பாயிண்ட் இந்த வகையில் பழைய பெயர். 3காம், எச்பி என்று கைமாறி இப்போது ட்ரெண்ட் மைக்ரோவிடம் இருக்கிறது. இந்தப் பெட்டிகளுக்கு ஐபி முகவரி இல்லாத பாலம் போல ஒயரின் நடுவில் உட்காரத் தெரியும். ரூட்டிங் எதையும் மாற்ற வேண்டாம். பைபாஸ் ரிலே உள்ள மாடலில் கரண்ட் போனால் இரண்டு போர்ட்டும் நேராக இணைந்துகொள்ளும். பெட்டி செத்தாலும் நெட்வொர்க் சாகாது. டேட்டா சென்டர், பெரிய மருத்துவமனை, நின்றால் உற்பத்தி நிற்கும் தொழிற்சாலை இவற்றுக்கு அந்த ரிலே ஒன்றுக்காகவே பணம் கொடுக்கலாம். இருநூறு பேர் அலுவலகத்துக்கு இதை விற்க வருபவரிடம், "தினமும் இதை யார் பார்ப்பார்?" என்று கேளுங்கள்.

பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பது

மிர்ரர் போர்ட்டில் சுரிகாட்டாவையோ ஸீக் என்ற கண்காணிப்பு மென்பொருளையோ வைப்பது எந்தப் போக்குவரத்தையும் தொடாது. அது விழுந்தாலும் யாருக்கும் தெரியாது. தடுக்காது என்பதால் இதைக் கணக்கிலேயே எடுக்காதவர்கள் அதிகம். என் பார்வையில் மற்ற மூன்று வழிகளுக்கும் முன்னால் இதை மூன்று வாரமாவது செய்ய வேண்டும்.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் நெட்வொர்க்கில் ஒரு நாளைக்குப் பத்து லட்சம் தொடர்புகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நிஜமான தாக்குதல் இருபது. உங்கள் ஐபிஎஸ் அந்த இருபதையும் விடாமல் பிடிக்கிறது. நல்லதைக் கெட்டது என்று தவறாகச் சொல்வது ஆயிரத்தில் ஒன்றுதான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பத்து லட்சத்தில் ஆயிரத்தில் ஒன்று என்றால் ஆயிரம் பொய் அலர்ட். காலையில் உட்கார்ந்தால் 1,020 அலர்ட், அதில் 20 உண்மை. ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றாலும் பதினேழு மணி நேரம் ஆகும். இரண்டாவது வாரத்திலிருந்து அந்தத் திரையை யாரும் திறக்க மாட்டார்கள். அதே ஆயிரமும் தடுக்கும் நிலையில் இருந்தால், ஒரு நாளைக்கு ஆயிரம் நல்ல தொடர்புகள் காரணம் தெரியாமல் நிற்கும்.

அந்த ஆயிரத்தைப் பத்தாகக் குறைப்பதுதான் கான்ஃபிகரேஷன் வேலை. அதைத் தடுக்காத நிலையில் செய்து பழகுவதில் யாருக்கும் காயம் இல்லை.

மறைகுறியாக்கம் என்ற சுவர்

இன்று பெரும்பாலான போக்குவரத்து டிஎல்எஸ்ஸுக்குள் போகிறது. அந்த மறையைப் பிரிக்காதவரை, நான்கு வழிகளில் எதை எடுத்தாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. 2018-இல் வந்த டிஎல்எஸ் 1.3-இல் சர்வரின் சான்றிதழ்கூட மறைந்துவிட்டது. தெரிவது தளத்தின் பெயர், டிஎன்எஸ் கேள்வி, இணைப்பு தொடங்கும் விதத்தின் கைரேகை, எவ்வளவு நேரம், எவ்வளவு டேட்டா. மால்வேர் தன் எஜமானரோடு பேசுவதைப் பிடிக்க இவையே கணிசமாக உதவும். ஆனால் வெப்சர்வர் மேல் வரும் தாக்குதலைப் பிடிக்க உதவாது.

வெப்சர்வருக்கு நேர்மையான தீர்வு ஒன்று உண்டு. டிஎல்எஸ்ஸை முன்னால் ஒரு ரிவர்ஸ் ப்ராக்ஸியில் (வெப்சர்வருக்குப் பதிலாக இணைப்பை வாங்கும் சர்வரில்) பிரித்து, ப்ராக்ஸிக்கும் சர்வருக்கும் நடுவில் ஐபிஎஸ்ஸை நிறுத்துங்கள். சர்வர் நம்முடையது, சாவியும் நம்முடையது, யாருடைய அந்தரங்கமும் கெடாது. ஊழியர்கள் வெளியே போகும் போக்குவரத்தைப் பிரித்துப் படிப்பது வேறு கதை. எல்லாக் கணினியிலும் நம் சான்றிதழைப் போட வேண்டும். சில செயலிகள் அதை ஏற்காமல் நின்றுவிடும். பெட்டியின் வேகம் இன்னும் விழும். அதைச் செய்தே தீர வேண்டும் என்றால் வங்கி, மருத்துவத் தளங்களை விலக்குப் பட்டியலில் வைத்து, ஊழியர்களிடம் எழுத்தில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சொல்லாமல் செய்வது தவறு.

கான்ஃபிகர் செய்யும்போது கை வைக்க வேண்டிய இடங்கள்

முதலில் ஹோம்நெட், அதாவது "நம் நெட்வொர்க்" பட்டியல். தலைமை அலுவலகம், எல்லாக் கிளைகள், விபிஎன் வழியாக வருபவர்களுக்கான முகவரிகள், எதுவும் விடுபடக் கூடாது. என் கதையில் நடந்தது உங்களுக்கு நடக்க வேண்டாம்.

அப்புறம் நெட்வொர்க் கார்டின் ஆஃப்லோட் வசதிகள். வேகத்துக்காக அது பல பாக்கெட்டுகளை ஒன்றாகச் சேர்த்து மேலே கொடுக்கும். ஐபிஎஸ்ஸுக்கு ஒயரில் வந்தபடியே வேண்டும். இல்லாவிட்டால் இன்லைனில் பெரிய பாக்கெட்டுகள் காணாமல் போகும், டவுன்லோட் ஆமை வேகத்தில் நகரும். ரெடிமேட் ஃபயர்வாலில் இந்தக் கவலை இல்லை. சொந்தமாகக் கட்டினால் கட்டாயம் அணைக்க வேண்டும்.

விதிகளில், நம்மிடம் இல்லாத மென்பொருளுக்கானவற்றை அணைத்துவிடுங்கள். ஆரக்கிள் இல்லாத அலுவலகத்தில் ஆரக்கிள் விதி பொய் அலர்ட்டை மட்டுமே தரும். மிச்சத்தில் முதலில் தடுக்கும் நிலைக்குப் போக வேண்டியவை, மால்வேர் கட்டுப்பாட்டு சர்வர்களோடு பேசுவதைப் பிடிப்பவை. அந்தப் பேச்சு யாருக்கும் வேலைக்கு வேண்டியதில்லை. தவறாகத் தடுத்தாலும் சேதம் குறைவு. இரண்டாவது, நம் வெப்சர்வரில் உண்மையிலேயே ஓடும் மென்பொருளுக்கான தாக்குதல் விதிகள். மூன்று வாரத்தில் ஒருமுறைகூடப் பொய்யாக ஒலிக்காதவற்றை மட்டும் மாற்றுங்கள். "பொதுத் தகவல்", "கொள்கை மீறல்" வகைகளைத் தடுக்கும் நிலைக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

வெளியிலிருந்து வருவதைச் சத்தமில்லாமல் கைவிடலாம் (டிராப்). உள்ளே இருப்பவர்களின் தொடர்பை நிறுத்தும்போது ரிஜெக்ட் வையுங்கள். சும்மா டிராப் செய்துவிட்டால் ஊழியரின் திரை சுற்றிக்கொண்டே இருக்கும், நெட் ஸ்லோ என்று புகார் வரும். ரிஜெக்ட் செய்தால் உடனே அறுந்த செய்தி வரும், காரணம் தேடும் நேரம் குறையும்.

பொய் அலர்ட் வந்தால் விதியையே அணைக்கும் கைப்பழக்கம் வேண்டாம். அந்த இரண்டு முகவரிகளுக்கு நடுவே மட்டும் விலக்கு எழுதி, தேதியையும் காரணத்தையும் பக்கத்தில் குறித்துவையுங்கள். ஒரு வருடம் கழித்து வருபவருக்கு அது ஏன் இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

திணறும்போது என்ன செய்வது என்பதையும் நாமே முடிவு செய்ய வேண்டும். சுரிகாட்டா 7 முதல், இன்லைனில் மெமரி வரம்பு போன்ற சிக்கல் வந்தால் போக்குவரத்தைத் தடுப்பதுதான் இயல்பான அமைப்பு. லினக்ஸில் என்எஃப்கியூ (பாக்கெட்டுகளை வரிசையில் நிறுத்தி சுரிகாட்டாவிடம் கொடுக்கும் வசதி) வழியாக ஓட்டினால், சுரிகாட்டா ஓடாதபோது பாக்கெட்டை விட்டுவிடு என்று வைக்க முடியும். இரண்டு கார்டுகளைப் பாலமாக இணைத்து ஓட்டும் முறையில் அது நின்றால் வழியே அடைபடும். மருத்துவமனை என்றால் திறந்தே இருக்கட்டும் என்பேன். பணப் பரிமாற்ற சர்வருக்கு முன்னால் என்றால் மூடட்டும். இதைத் தனி ஆளாக முடிவு செய்யாதீர்கள், நிர்வாகத்திடம் எழுதி வாங்குங்கள்.

அந்த அலுவலகத்துக்கு என் பதில்

ஒரே ஆள், வாரத்துக்கு மூன்று நான்கு மணி நேரம்தான் என்றால் இருக்கும் ஃபயர்வாலில் லைசன்ஸ் வாங்குங்கள், வேகக் கணக்கு சரியாக வந்தால். அது வருவதற்கு முந்தைய மூன்று வாரம் பழைய கணினி ஒன்றை மிர்ரர் போர்ட்டில் வைத்துச் சுரிகாட்டாவை ஓடவிடுங்கள். உங்கள் நெட்வொர்க்கில் எது இயல்பு என்று அது கற்றுக்கொடுக்கும். வாரத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்க முடிகிறது, இரண்டாவது ஆளும் இருக்கிறார் என்றால் ஓபிஎன்சென்ஸும் சுரிகாட்டாவும் போதும். மிச்சமாகும் லைசன்ஸ் பணத்தில் ஸ்பேர் பெட்டி ஒன்று வாங்கி அலமாரியில் வையுங்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை என்றால் எதையும் வாங்காமல், அந்தப் பணத்தை பேட்ச் வேலைக்கும் பேக்கப்புக்கும் கொடுங்கள். ஆடிட்டருக்கும் அதையே எழுத்தில் சொல்லுங்கள்.

எதைப் போட்டாலும் ஒப்படைக்கும் முன் இரண்டு சோதனை. சுரிகாட்டாவோடு பழகியவர்களுக்கு 2100498 என்ற எண்ணுள்ள விதி தெரிந்திருக்கும். ரூட் (முழு அதிகாரம் உள்ள) பயனரின் அடையாள வரியான uid=0(root), மறைகுறியாக்கம் இல்லாத இணைப்பில் திரும்பி வந்தால் அது ஒலிக்கும். அந்த ஒரு வரியை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி, ஹோம்நெட்டில் இல்லாத ஒரு வெப்சர்வரில் போட்டு, உள்ளேயிருந்து சாதாரண எச்டிடிபி-யில் திறந்து பாருங்கள். அலர்ட் வந்து, உங்கள் சிஸ்லாக் சர்வரிலும் அது பதிவாகியிருந்தால் பாதை முழுதும் வேலை செய்கிறது. இரண்டாவது, எல்லோரும் கிளம்பிய பிறகு ஒரு சனிக்கிழமை மாலை ஐபிஎஸ்ஸின் பவர் கேபிளைப் பிடுங்குங்கள். கையில் போனை வைத்துக்கொண்டு கிளைக்குப் பேசியபடி, எது நிற்கிறது, எது நிற்கவில்லை, திரும்பச் செருகினால் எத்தனை நிமிடத்தில் எல்லாம் வருகிறது என்று ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளைப் பெட்டியின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.